வெள்ளிக் கிண்ணத்தில் கோழிச்சாறு

என் வென்னேராவுக்கு,

வலெட்டா நகரத்து மருத்துவமனையில் சுகமாக இருக்கிறேன். கப்பலில் பீரங்கி வெடித்த கதையை ஊரில் ஊதிப் பெரிதாக்குவார்கள், நம்பாதே.

நோயாளிக்கு, இதை நடத்தும் வாளேந்திய வீரத்துறவிகளே பரிமாற வேண்டும் என்பது அவர்கள் சபையின் பழைய விதி. இத்தனை நாளும் வேலைக்காரர்களை அனுப்பிவந்தார்கள். அவர்களுக்குத் தலைவராகப் புதிதாக வந்த ஒத்தாவியோ பிரபு அதை நிறுத்திவிட்டார். இன்று எனக்கு அவரே மண்டியிட்டுக் கோழிச்சாறு ஊட்டினார். அதுவும் வெள்ளிக் கிண்ணத்தில்!

"துடுப்புக்காரனுக்கு ஊட்டவா வாள் எடுத்தீங்க, பிரபு?" என்று ஒரு வீரர் சிரித்தார்.

"இங்க இவர்தான் எசமான். நீங்க அடுத்த கிண்ணத்தத் தூக்குங்க."

சிரித்தவர் தூக்கினார்.

கையெழுத்து அழகாக இருக்கிறதா? நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். "உங்க கைகளப் பத்தி எழுத வேண்டாமா, எசமான்?" என்று கேட்கிறார். வேண்டாம் என்கிறேன். அதையும் அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறார்.

உன் கணவன்

(எழுதியது: அவருடைய ஊழியன்)