கூட்ட அறைச் சுவரில் மாட்டியுள்ள வன்மர வரைபடம் குறித்து

அனுப்புநர்:
முதுநிலை ஆய்வாளர்,
வணிகப் புள்ளிவிவரப் பிரிவு, மூன்றாம் தளம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வணிகப் புள்ளிவிவரத் துறை.

பொருள்: நம் நாடு, அண்டை நாடு ஆகியவற்றின் வன்மரப் பலகை இறக்குமதி மதிப்பை ஒப்பிடும் வரைபடத்தில் உள்ள பிழையைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வரைபடம் தவறு என்பதால் இதை எழுதுகிறேனா, அதை வரைந்தவர் இளநிலை ஆய்வாளர் என்பதால் எழுதுகிறேனா? பிழை இருப்பது மட்டும் உறுதி. எனவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1. வரைபடத்தில் நீலக் கோடு நம்முடையது. சிவப்பு அண்டை நாட்டினுடையது. பல ஆண்டுகள் கீழேயே கிடந்த சிவப்பு, ஓர் ஆண்டில் சட்டென எழுந்து நீலத்தைத் தாண்டுகிறது. அந்த இடத்தில் அம்புக்குறியிட்டு 'அண்டை நாடு நம்மை முந்திய ஆண்டு' என்று பெரிய எழுத்தில் எழுதப்பட்டுள்ளது.

2. யாரும் யாரையும் முந்தவில்லை. அண்டை நாட்டில் அதுவரை பலகைக்குக் கொடுத்த விலையை மட்டும் மதிப்பாகப் பதிந்துவந்தவர்கள், அவ்வாண்டு முதல் கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்துப் பதியத் தொடங்கினார்கள். நாம் இன்றும் விலையை மட்டுமே பதிகிறோம். அவர்களின் ஆண்டறிக்கையில் கடைசிப் பக்க அடிக்குறிப்பு இதைச் சொல்கிறது. அவ்வாண்டு அங்கு வந்திறங்கிய பலகையின் அளவோ சற்றுக் குறைந்தே இருக்கிறது.

3. வெள்ளிக்கிழமை அமைச்சகக் கூட்டத்தில் இவ்வரைபடத்தைக் காட்டித்தான் பலகைக்கு வரிக் குறைப்பு கேட்கப்போகிறோம். நடக்காத பந்தயத்தில் தோற்றுவிட்டோம் என்று சொல்லிச் சலுகை கேட்பது துறைக்கு அழகல்ல.

4. இவ்வொப்பீட்டைத் தொடங்கி, சென்ற ஆண்டுவரை நடத்தியவள் நான். என் வரைபடத்தில் அந்த ஆண்டில் கோட்டை உடைத்து, பக்கத்தில் காரணம் எழுதியிருப்பேன். பார்க்க லட்சணமாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். பணியை இளநிலை ஆய்வாளருக்கு மாற்றியபோது தாங்கள் சொன்ன காரணம், "பாத்த உடனே புரியணும்மா, அவ்வளவுதான்" என்பது. அவர் உடைந்த கோட்டை ஒட்டவைத்தார். பார்த்த உடனே புரிகிறது. தவறாகப் புரிகிறது.

5. இன்னொன்று. வரைபடத்தை மாட்டிய அன்று தாங்கள் கை தட்டினீர்கள். என் வரைபடங்களுக்கு யாரும் தட்டியதில்லை. "என்ன மேடம், உங்க சிஷ்யப்பிள்ளை கலக்கிட்டாங்க போலிருக்கே" என்றார் கணக்குப் பிரிவுக்காரர். இளநிலை ஆய்வாளர் என் சிஷ்யை அல்லர். தேநீர் கொண்டுவருபவர் இப்போதெல்லாம் முதலில் அவர் மேசைக்குத்தான் போகிறார். அவர் சிரித்தால் மாடிப்படி வரை கேட்கிறது. ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. அவர் அமர்ந்திருக்கும் சன்னலோர இடம், நான் இருமுறை எழுதிக் கேட்ட இடம். இவை எவையும் புள்ளிவிவரப் பிழைகள் அல்ல என்பதை அறிவேன்.

6. ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் வரைபடத்தை இறக்கித் திருத்தவும், ஒப்பீட்டுப் பணியை என்னிடமே திரும்ப ஒப்படைக்கவும் தாங்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இடம்: மூன்றாம் தளம்
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
முதுநிலை ஆய்வாளர்

என்னிடம் உள்ள நகலில் பின்னர் சேர்த்தது, வியாழக்கிழமை:

புகார் யார்மீதோ அவரிடமே விளக்கம் கேட்பது இத்துறையின் வழக்கம். அதை நான் மறந்துபோனேன். இயக்குநர் மனுவின் ஓரத்தில் 'விளக்கம் தருக' என்று எழுதி இளநிலை ஆய்வாளருக்கு அனுப்பிவிட்டார். காலையில் அவர் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "நீங்க சொல்றது சரிதான்க்கா. நான் அந்த அடிக்குறிப்பப் படிக்கவே இல்ல" என்றார். மனுவை என் மேசையில் வைத்து, "அஞ்சாவது பத்திய மட்டும் எடுத்துடலாமா? மேல போற காகிதம். உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றார்.

இருக்கட்டும் என்றேன்.

மதியம் ஆளுக்கொரு முனை பிடித்து வரைபடத்தை இறக்கினோம். அவரே கோட்டை உடைத்துக் குறிப்பு எழுதினார். ஒப்பீட்டுப் பணி அவரிடமே தொடரும் என்று மாலையில் உத்தரவு வந்தது. தேநீர் வழக்கம்போல் முதலில் அவர் மேசைக்குப் போனது. அவர் அதை என் மேசைக்கு அனுப்பிவைத்தார். சர்க்கரை அதிகம். குடித்தேன்.