புதன்கிழமை நான் எழுதிய தேதி

லனெல்லி
ஞாயிறு மத்தியானம்

இல்லை கேரிஸ், நேர்காணல் முடிவு இன்னும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் சொல்வார்களாம். நீ போனில் கேட்டபோது எல்லாம் நல்லா போச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய் இல்லை, சுருக்கம். ஆறு வருடம் தபால் வழியில் சட்டம் படித்ததில் எனக்குக் கிடைத்த முதல் பலன் இந்த வித்தியாசம்தான். உடம்பைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் நலம், உன் அப்பாவின் முழங்காலையும் அவருடைய லீக் வெங்காயப் பாத்தியையும் சேர்த்தே சொல்கிறேன். நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வெலிங்டனில் இப்போது காற்று ஆளைத் தள்ளும். பிரசவ வார்டு வேலை முடிந்து ஈரத் தலையோடு பேருந்துக்கு நிற்காதே. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் திரையைப் பார்த்துப் பேசுவது எனக்கு இப்போது கசந்துவிட்டது, அது ஏன் என்று பின்னால் வரும்.

விடுமுறைப் பயிற்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாணவர்களுக்கு விடுமுறை, அதனால் அந்தப் பெயர். நான் என் வக்கீல் முதலாளி மிஸ்டர் பியூவிடம் என் வருட விடுப்பு முழுவதையும் கொடுத்து அதை வாங்கினேன். ஆக எனக்கும் விடுமுறைதான். கார்டிஃபில் பெரிய அலுவலகத்தில் இரண்டு வாரம் உட்கார வைத்துப் பார்ப்பார்கள், கடைசி நாள் நேர்காணல், பிடித்துப்போனால் இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தம், அது முடிந்தால் சொலிசிட்டர், முழு வக்கீல். பதினொரு இடத்துக்கு விண்ணப்பித்தேன். எங்களை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், இருநூற்றைம்பது சொல்லில் கூறுக. சிறு வயது முதலே வணிகச் சட்டத்தில் தீராத ஆர்வம் என்று எழுதினேன். சிறு வயதில் எனக்கு ஆர்வம் இருந்தது குதிரைகளில். பத்து இடத்தில் பதிலே இல்லை. பதினோராவது இடம் கேமரா முன்னால் பேசச் சொன்னது. எதிரே ஆள் கிடையாது. கேள்வி எழுத்தில் வரும், முப்பது நொடி யோசிக்கலாம், இரண்டு நிமிடம் பேசலாம், பிறகு தானாக அணைந்துவிடும். முகம் நேராகத் தெரிய வேண்டுமென்று கணினியை இஸ்திரிப் பலகை மேல் வைத்தேன். குழுவாக வேலை செய்த அனுபவம் பற்றிக் கேட்டது. நான் முதல் நாற்பது நொடி கணினிக்கு வணக்கம் சொல்லி நலம் விசாரித்தேன். கடைசியில் நன்றி என்றேன். அது அணைந்த பிறகும் ஒருமுறை நன்றி என்றேன். அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "லாயரம்மா, டீ கிடைக்குமா, இல்ல மனு குடுக்கணுமா?" என்றார். இந்த வீட்டில் அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் மனுதான்.

எப்படியோ கூப்பிட்டார்கள். ஏன் என்று இன்னும் புரியவில்லை. முதல் நாள் காலை வரவேற்பறையில் நின்றிருந்தேன். இருபது வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து மேல்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "ரொம்ப தேங்க்ஸ்" என்று போனான். நான் அதை மாட்டி வைத்தேன். கேரிஸ், இதைத்தான் நீ கவனிக்க வேண்டும். அவன் கொடுத்தது தவறில்லை. நான் கொக்கியைத் தேடியதுதான் தவறு. பயிற்சிக்கு வந்தவர்கள் பதினொரு பேர், என்னைத் தவிர எல்லோருக்கும் உன்னைவிடக் குறைந்த வயது. என் மேற்பார்வையாளர் இமோஜன் ராலின்ஸ். என் குளிர்கால மேல்கோட்டைவிட இளையவள். நல்ல பெண், வேகமாக நடப்பவள். பக்கத்து மேஜையில் பிரையனி என்ற பெண், நாற்பத்து மூன்று இடத்துக்கு விண்ணப்பித்தவள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் மார்க் உண்டு என்று அவள்தான் எச்சரித்தாள். "கேக்க மாட்டாங்க நேரிஸ், ஆனா பாப்பாங்க. சாண்ட்விச் சாப்பிடுறப்போகூட ஏதாவது புத்திசாலித்தனமா கேட்டுக்கிட்டே இருக்கணும்." நான் வட்டி விகிதம் பற்றி அலுவலக முதலாளிகளில் ஒருவரான ஒரு பார்ட்னரிடம் கேட்டேன். வாயில் முட்டை. அவர் பதில் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தையும் நினைவில்லை. குழுப் பயிற்சியில் எட்டுப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி ஒரு கம்பெனியை வாங்குவதா வேண்டாமா என்று விவாதித்தார்கள். ஏழு பேர் பேசினார்கள். நான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் எழுதச் சொல்லவில்லை. மிக நல்ல குறிப்பு.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன், இரண்டாவது வாரம். ப்ரெகன் பக்கம் ஒரு பெரியவர், கெதின் என்று பெயர், பண்ணையை விற்கிறார். கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். கிரயம் வெள்ளிக்கிழமை. சாட்சிக் கையெழுத்து, பெயர், முகவரி எல்லாம் சரியா என்று பார்க்கச் சொல்லி இமோஜன் என்னிடம் கொடுத்தாள். இரண்டு வாரத்தில் எனக்கு வந்த ஒரே நிஜ வேலை. பார்த்தேன். எல்லாம் சரி. காகிதங்களை மேஜையில் தட்டி ஒழுங்காக்கினேன், பேனா மூடியைத் திறந்தேன், மேலே காலியாக இருந்த இடத்தில் அன்றைய தேதியை எழுதினேன். அழகான கையெழுத்தில். பத்திரத்துக்குத் தேதி பணம் வந்து சேரும் நாளில்தான் போடுவார்கள், அதுவரை அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டும். முன்னால் போட்டால் பணம் வருவதற்கு முன்பே பண்ணை கைமாறிவிட்டதாகப் பத்திரம் பேசும். இது எனக்குத் தெரியாதா? பியூ அலுவலகத்துக்கு வருகிற ஒவ்வொரு புதுப் பெண்ணிடமும் முதல் நாளே நான் சொல்வது இது. ஆனால் மிஸ்டர் பியூ எதையும் கடைசி நிமிடத்தில் செய்கிறவர். பணம் வந்த பிறகுதான் பத்திரத்தைச் சரிபார்க்கவே கொடுப்பார், உள்ளறையிலிருந்து "போடு நேரிஸ்" என்று கத்துவார், நான் போடுவேன். பார்ப்பதும் போடுவதும் பத்தொன்பது வருடமாக என் கைக்கு ஒரே வேலை. கைக்குச் சட்டப் பட்டம் இல்லை.

பிரையனி எட்டிப் பார்த்து முகம் வெளுத்தாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்க. வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. அந்தக் கிழவருக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது? நாளன்னிக்கு நேர்காணல் இருக்கு உங்களுக்கு." அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். நானும்தான். கழிப்பறைக்குப் போய் உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. பியூ அலுவலகத்துக்கு வருகிறவர்கள் என்னிடம்தான் முதலில் கேட்பார்கள், இந்த வேலி யாருக்குச் சொந்தம், அம்மா எழுதிய உயில் செல்லுமா. எனக்குப் பதில் தெரியும். மிஸ்டர் பியூ சொல்வார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அவருக்குச் சொல்வேன். அவர் வெளியே வந்து அவர்களுக்குச் சொல்வார். அவர்கள் அவர் கையைக் குலுக்குவார்கள். ஒருமுறையாவது அந்தப் பதிலை நான் சொல்ல வேண்டும். இருநூற்றைம்பது சொல்லில் இதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை, குதிரை ஆசையைச் சொல்வதைப் போல வெட்கமாக இருந்தது. அதற்காகத்தான் இத்தனையும். அதைத்தான் ஒரு தேதியில் தொலைத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். கெதினுக்கு ஞாபகம் இருக்கும் என்று தோன்றியது. எண்பது வயதில் பண்ணையை விற்கிறவருக்குக் கையெழுத்துப் போட்ட காகிதம் மறக்காது.

போய்ச் சொன்னேன். இமோஜன் பத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்களா? நீங்க போய் இப்படியா?" என்றாள். அந்தக் கேள்வி இனித்தது, அவ்வளவு மோசமான நிலையில் இருந்தேன். எதிர்த் தரப்பு வழக்கறிஞரிடம் அவளே பேசினாள், பிறகு கெதினிடம். அவர் போனில் கத்தியது எனக்கும் கேட்டது. "அந்த மாட்டுக் கொட்டாய் இன்னிக்கும் என்னுதுதானேம்மா?" அவருடையதுதான். எல்லோரும் ஒத்துக்கொண்டதாக எழுத்தில் வாங்கி, தேதியை அடித்துச் சுருக்கொப்பம் வைத்து, அரை மணி நேரத்தில் முடிந்தது. கோப்பில் என்ன நடந்தது என்று என்னையே எழுதச் சொன்னாள். "அலங்காரம் வேண்டாம்" என்றாள். நான்கு வரி எழுதினேன்.

வெள்ளிக்கிழமை நேர்காணல், எதிரே இரண்டு பார்ட்னர்கள். நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்றார்கள். எல்லோரும் இதற்கு ஒரு வளர்ப்புத் தவறு வைத்திருக்கிறார்கள், கடிக்காது. நானும் ஒன்றைப் போன குளிர்காலத்திலிருந்து ஊட்டி வளர்த்திருந்தேன். அதை விட்டுவிட்டுப் புதன்கிழமையைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் எதையோ எழுதினார், வெகுநேரம் எழுதினார். அவ்வளவுதான், இதுதான் நான் போனில் சொன்ன நல்லா போச்சு.

மற்றபடி மைர் பெரியம்மாவுக்கு அடுத்த மாதம் அறுபது. வாழ்த்து அட்டை இப்போதே அனுப்பு, கடல் தாண்டி வர வேண்டும். பல் வலியை வைத்துக்கொண்டு ஐஸ் தின்னாதே, டாக்டரிடம் போ. அப்பா லீக் வளர்ப்புப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார், அவருக்கும் நேர்காணல் காலம். நீ கையில் ஏந்துகிற பிள்ளைகள் எல்லாம் நன்றாக அழுதுகொண்டு பிறக்கட்டும். நீ மட்டும் சிரித்துக்கொண்டிரு, கண்ணு.

உன் அம்மா
நேரிஸ் ப்ரோபர்ட்

செவ்வாய். உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன். காலை பத்து மணிக்கு இமோஜன் கூப்பிட்டாள். ஒப்பந்தம் இல்லை. தேதியால் இல்லையாம். "அது உங்களுக்கு நல்லதாத்தான் ஆச்சு. ஆனா ரெண்டு வாரத்துல நீங்களா எதையும் கேட்டு வாங்கல நேரிஸ். யாராவது குடுத்தா செஞ்சீங்க." கூட்டக் குறிப்பைப் பற்றியும் சொன்னாள், எல்லோரும் அதைப் பாராட்டினார்களாம். பிறகு குரலை இறக்கி, சொத்துப் பிரிவில், பியூவிடம் நான் பார்க்கும் அதே செயலாளர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது, பியூ தருவதைவிட நல்ல சம்பளம், நாளையே சேரலாம் என்றாள். ஒரு நிமிடம் ஆசையாக இருந்தது, மறைக்க மாட்டேன். அந்த வேலை பார்க்கும் வருடங்கள் சொலிசிட்டர் ஆவதற்குக் கணக்கில் சேருமா என்று கேட்டேன். "சேராது" என்றாள். அடுத்த முறை விண்ணப்பிக்க அவள் பெயரைப் பரிந்துரைக்குப் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க" என்றாள்.

வேலை வேண்டாம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினேன். டீ போட்டேன். பிரிஸ்டலில் ஓர் அலுவலகம், விண்ணப்பிக்கக் கடைசி நாள் முப்பத்தொன்றாம் தேதி. படிவத்தைத் திறந்து, பரிந்துரைப்பவர் என்ற கட்டத்தில் இமோஜன் ராலின்ஸ் என்று எழுதினேன்.