அந்தக் கொக்கு என்னுடையது

இன்று காலை உன் முகம் என் கம்ப்யூட்டர் திரை முழுக்க வந்து நின்றது. உன் வீட்டுக்காரர் போனிலிருந்து அனுப்பிய படம். பச்சைப் புடவை, பல் தெரியும் சிரிப்பு. முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்குப் போஸ்டர் வேண்டுமாம். ஊரில் இத்தனை கடை இருக்க, என் கடைக்குத்தான் வரவேண்டுமா? "ஒனக்கு அவ உயிர்த் தோழியாச்சே தங்கச்சி" என்றார். போட்டோ திருத்தும் கிம்ப்பில் படத்தைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாய்.

போனவர்களிடம் கோபம் வைக்கக் கூடாது என்கிறார்கள். நான் வைத்திருக்கிறேன்.

ஜங்ஷன் ரோட்டு டிடிபி கடையில் நாம் இரண்டு பேரும் சம்பளத்துக்கு இருந்த நாட்களில் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். வருகிற ஆர்டரையெல்லாம் நீ லிப்ரே ஆபீஸில் கட்டம் கட்டமாகப் போட்டு வைப்பாய். யார் எதற்கு வருவார்கள் என்று உன் திரைக்கு முந்தின நாளே தெரியும். நான் படம் வரைகிற இங்க்ஸ்கேப்பை விட்டு எழமாட்டேன். அதன் ஐகானைப் பார்த்து, "என்னாடி இது, கருப்பு மலைமேல தயிர ஊத்தி வச்ச மாதிரி இருக்குது" என்றாய். சிரித்த சிரிப்பில் டீயைக் கீபோர்டில் கொட்டினேன். அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்க முடியுமென்றால் இப்போதே வாங்கிக்கொள்வேன்.

மணிமுத்தாற்றில் மீனுக்குக் காத்து நிற்கும் கொக்கை அப்போது வரைந்திருந்தேன். ஒற்றைக் கால், வளைந்த கழுத்து, சுற்றிலும் நாணல். ஒவ்வொரு கோட்டையும் புள்ளி புள்ளியாக இழுத்து வளைத்தது. பீங்கான் கம்பெனி முதலாளி டீ கப்புக்குப் புது டிசைன் தேடுகிறார் என்று தெரிந்து, அவரிடம் காட்டவே வரைந்தேன். அதற்குள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எழுந்து கடைக்கு வந்தபோது உன் நாற்காலி காலி. கொக்கைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போய், நீ வரைந்ததாகக் காட்டி, அந்தக் கம்பெனியிலேயே டிசைனராகச் சேர்ந்திருந்தாய்.

கம்பெனி கேட்டில் வந்து நின்று கேட்டேன்.

"டெஸ்க்டாப்புல தொறந்து போட்டு வச்சா யாரு வேணா எடுப்பாங்க. நீ என்னைக்குக் காட்டியிருப்ப, சொல்லு? பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய்.

அன்றிலிருந்து உனக்காகவே படித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைத் திறந்து, திரையிலேயே கப்பைக் கட்டி, அதன் வளைவின்மேல் படத்தைச் சுருக்கமில்லாமல் உடுத்தப் பழகினேன். ஒருநாள் உனக்கு அது தேவைப்படும் என்று தெரியும். தேவைப்பட்டது. வளைகுடாவுக்குச் சரக்கு அனுப்பும் மங்கலம்பேட்டை வியாபாரி ஒருவர், வயிறு பெருத்த புது கப்பில் அதே கொக்கைக் கேட்டார். உன் கையில் கொக்கின் கழுத்து கோணிக்கொண்டது. இந்த வேலை எனக்குத் தெரியும் என்று யாரோ சொல்ல, வேறு வழியில்லாமல் முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார்.

எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து கழுத்தை நேராக்கினேன். கப்பைத் திரையில் சுழற்றிக் காட்டினேன். இதை முதலில் வரைந்தது யார் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் கொக்கு அவ வரைஞ்சதுதான். ரொம்பக் கூச்சப்படுவா. அவளையும் இங்க கொண்டாந்துடணும்னுதான் நான் மொதல்ல வந்தேன்."

"எவ்ளோ நல்ல மனசும்மா ஒனக்கு!" என்றார் முதலாளி. வியாபாரி தலையாட்டினார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டாய். உனக்குச் சம்பளம் கூடியது. எனக்கு ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் வந்தன. பழி தீர்க்க நான் காத்திருந்த நாளையும் நீயே தின்றுவிட்டாய்.

அடுத்த பழிக்கு நான் தயாராகுமுன் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. சாவு வீட்டில் உன் மாமியார் என் கையைப் பிடித்து, "ஒன்ன தூக்கிவுட்டவ போயிட்டாளே, அழுவும்மா" என்றார். நான் அழவில்லை.

இன்றைக்கு உன் வீட்டுக்காரர் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "படத்த சுத்தி அவ வரைஞ்ச கொக்க போட்டுடு தங்கச்சி. வூட்டுலகூட ஃபிரேம் போட்டு மாட்டி வச்சிருக்கா" என்றார். ஆக, உன் வீட்டுக்குள் அது கடைசிவரை உன்னுடையதாகவே இருந்திருக்கிறது.

"அது நான் வரைஞ்சது அண்ணே."

"என்னா சொல்ற?"

"கொக்கு என்னோடது. எங்கிட்ட கேக்காம எடுத்துட்டுப் போனா. இதுல போட மாட்டேன்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கிட்ட அப்பிடிச் சொல்லலியே" என்று முனகினார். பிறகு, "சரி, வெறும் படமே போதும். சாயங்காலம் வரேன்" என்று எழுந்து போனார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அதுவும் போதவில்லை. அஞ்சலிப் போஸ்டருக்கு வரும் எல்லா முகங்களையும், யாரும் கேட்காமலே, நான் துடைத்துத்தான் தருவேன். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாம் கிம்ப்பில் போய்விடும். உனக்கு மட்டும் செய்யவில்லை. கன்னத்துப் பருக்குழிகளும் எத்துப்பல்லும் இருக்கட்டும், ஊர் பார்க்கட்டும் என்று அப்படியே பிரிண்ட் போட்டேன்.

சாயங்காலம் அவர் வந்து போஸ்டரை விரித்துப் பிடித்தார்.

"மத்த போட்டோவுலல்லாம் யாரோ மாதிரி இருப்பா தங்கச்சி. இதுலதான் அவளாவே இருக்கா."

சொல்லிவிட்டுக் கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

நாளைக்கு ஜங்ஷன் சுவரில் நீ சிரித்துக்கொண்டு நிற்பாய், அதுவும் என் கையால். உன்னை ஜெயிக்கப் படித்துப் படித்தே இந்தத் தொழில் எனக்கு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல மாட்டேன். இந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள நீ இல்லை. வேறு யாரிடமும் கொடுக்கவும் மனம் வரவில்லை. நானே வைத்துக்கொள்கிறேன்.