பாத்திரத்தோடு வரவும்

உக்குவளை,
ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பிறகு.

அன்பின் நிஹ்லாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கையில் ஃபோன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஃபோனில் நான் உங்களோடு பேசினால் நிஹ்லா கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறாள். உங்கள் அறையிலோ உங்களைத் தவிர ஏழு பேர். நிஸ்தார் நானா லீவு முடிந்து புதன்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார் என்றதும், மிளகாய்த்தூளோடு இதையும் அவர் பையில் வைத்துவிடத் தீர்மானித்தேன். தனியாக இருக்கும்போது வாசியுங்கள்.

நீங்கள் அனுப்பிய பெட்டியின் படத்தைப் பார்த்தேன். மேலே நெருப்புக் கக்கும் பறவையோ பாம்போ ஒன்று, உள்ளே மூன்று தடித்த புத்தகம், இருபது முகமுள்ள பகடை. பிள்ளைகள் கூடிக் கதைக்குள் நுழைந்து விளையாடுகிறார்கள் என்று நான் சொன்னதை வைத்துத் தேடியிருக்கிறீர்கள். இதை வாங்கிக் கொடுத்தாலாவது மகள் ஃபோனுக்கு வருவாளா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம். இந்த விஷயத்தில் இன்றைக்கு உக்குவளையில் என்னைவிடத் தெரிந்த ஆள் இல்லை. சிரிக்காமல் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு வாகினியை உங்களுக்கு நினைவிருக்கும், மாத்தளைக் கச்சேரியில் கிளார்க்காக இருக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவளுடைய தம்பி கனடாவிலிருந்து அவள் மகன் பவித்ரனுக்கு இதே மாதிரி ஒரு பெட்டியைத்தான் அனுப்பியிருந்தார். ஏப்ரல் லீவில் எங்கள் முன் ஹோலில் பாய் விரித்து அதைத் திறந்தோம். ஒருவர் கதை நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராக மாறி என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்பதை எண் சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அஸரில் தொடங்கிய நாங்கள் மஃரிப் வரைக்கும் வீரர்களைச் செய்துகொண்டே இருந்தோம். பவித்ரன் தன் வீரர் சுமக்கும் கயிற்றின் பாரத்தைக் கணக்குப் பார்த்தான். நிஹ்லாவின் வகுப்பு றிஸ்லா பாயிலேயே தூங்கிவிட்டாள். ஒருவரும் வீட்டை விட்டு ஓரடி எடுத்து வைக்கவில்லை.

அடுத்த கிழமை வாகினி தேடிப் பிடித்து ஒரு சின்ன விளையாட்டை அச்செடுத்து வந்தாள். எட்டுப் பக்கம். வீரருக்கு ஒரு தாள், அதில் மூன்றே வரி: பெயர், ஒரு பலம், ஒரு பலவீனம். எண் தவறினாலும் பிள்ளை செத்துப்போய் மூலையில் உட்கார வேண்டியதில்லை, கதை வேறு பக்கம் திரும்பும், அவ்வளவுதான். நீங்கள் எதையாவது வாங்கத்தான் வேண்டும் என்றால் இப்படி ஒன்றைப் பாருங்கள். புத்தகத்தை நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் வாசித்து முடிக்க முடியாவிட்டால், அது பத்து வயசுக்காரிக்கு ஆகாது. பெட்டியிலிருந்து பகடையை மட்டும் எடுத்துவிடுவேன், சூதாட்டச் சாமான் நம் வீட்டுக்குள் வேண்டாம் என்றீர்களே, அதற்கும் வழி கண்டுவிட்டேன். ஆறு சாதிக்காயில் ஒன்றிலிருந்து ஆறு வரை எழுதித் துணிப்பையில் போட்டு, கையை விட்டு ஒன்றை எடுக்கிறோம். ஹோல் முழுக்க வாசம்.

இனி நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். அந்த எட்டுப் பக்கமும் இங்கிலிஷ். அதைத் தமிழாக்கி உம்மாமாரின் வாட்ஸ்அப்புக்கு நான்தான் அனுப்பினேன்: “சனிக்கிழமை நாலு மணிக்கு ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென ஒரு பாத்திரத்தோடு வரவும்.” கதைப் பாத்திரத்தைத்தான் சொன்னேன். நாலு மணிக்கு வாசலில் பார்த்தால், பவித்ரன் பால் காய்ச்சும் சட்டியோடு நிற்கிறான். றிஸ்லாவின் கையில் மூடி போட்ட பெரிய வாளி. நோன்பு முடிந்து ஒரு மாதமாகிறதே, இன்னும் உங்கள் வீட்டில் கஞ்சி ஊற்றுகிறீர்களா என்று அவளுடைய உம்மா ஃபோனில் கேட்டு, ரெண்டு பேருக்குச் சேர்த்து ஊற்றச் சொன்னாள். வாகினி சிரித்துச் சிரித்துக் கதிரையில் சாய்ந்துவிட்டாள். எனக்கு வெட்கம்தான், ஆனால் வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மனமில்லை. சரி, இன்றைக்குப் பாத்திரம்தான் வீரர், உங்கள் பாத்திரத்துக்குப் பேர் வையுங்கள் என்றேன்.

அப்போதுதான் நிஹ்லா எழுந்து குசினிக்குள் போனாள். உங்களுக்குத் தெரியும், அவள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் உட்காருவாள். திரும்பி வரும்போது கையில் உங்கள் பழைய சோற்றுக் கெரியர். மாத்தளை ஹார்ட்வேர் கடைக்குக் கொண்டுபோவீர்களே, ஒரு பக்கம் நசுங்கினது, அதுதான். தாளை வாங்கி அவளே எழுதினாள். பெயர்: சிக்குமூடியார். பலம்: உள்ளே இருப்பது ஆறாது. பலவீனம்: மூடி சிக்கும், இழுத்தால் திறக்காது, பொறுத்தால் திறக்கும்.

அதை வாசித்துவிட்டு நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

கதை இதுதான். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரம் கோபித்துக்கொண்டு மாத்தளைக்கு அப்பால் நாலந்தாவுக்கு நடந்துபோய்விட்டது, இந்தச் சட்டி வாளிகள் போய் அதைச் சமாதானம் பண்ணிக் கூட்டிவர வேண்டும். மாத்தளையில் பஸ் ஏறும் இடத்தில் நான் கண்டக்டர். வெறும் பாத்திரங்களை ஏற்ற மாட்டேன் என்று வழியை மறித்தேன். பவித்ரன் வாதாடிப் பார்த்தான், சாதிக்காயில் எண் ஒன்றுதான் வந்தது, பலிக்கவில்லை. றிஸ்லா அழுகிற மாதிரி நடித்தாள், ரெண்டு வந்தது, அதுவும் போதவில்லை. பிறகு கெரியர் முன்னால் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று முறைத்தேன்.

முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். எப்போதும் நிற்கிற அதே மாதிரி, கழுத்து நரம்பு தெரிய. சொல்லி முடித்துவிட எனக்கு நாக்கு துடித்தது. பவித்ரன் தாளைக் காட்டி, “பொறுங்க அன்ரி, மூடி சிக்கியிருக்கு” என்றான். பொறுத்தோம். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை.

“வா... வா... வாப்பாட சோறு. ஆ... ஆறிப்போறதுக்கு முந்தி குடுக்கணும். வழிய விடுங்க.”

சாதிக்காயை எடுக்கச் சொல்லவே இல்லை. நான் வழியை விட்டுவிட்டேன்.

திக்கல் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்கு எத்தனை தடவை சிக்கியது என்று நான் எண்ணவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் பேசினாள். கிடாரத்தைச் சமாதானம் பண்ணினதும் அவள்தான்.

இப்போது உங்களிடம் ஒரு விஷயம். போன ஹஜ்ஜுப் பெருநாளன்று அவள் உங்களுக்கு முபாரக் சொல்ல வந்து திக்கினாள். நீங்கள் பாசத்தில்தான் மிச்சத்தைச் சொல்லி முடித்துச் சிரித்தீர்கள், அறையில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதோடு ஃபோனுக்கு வருவதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டாள், கோபமாக இருக்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் குறைப்படுகிறீர்கள். மறந்த பிள்ளை உங்கள் கெரியரைத் தேடி எடுக்காது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, நானும் எத்தனையோ முறை அவளுக்காகச் சொல்லி முடித்திருக்கிறேன். இப்போது விட்டுவிட்டேன்.

விளையாட்டு முடிந்ததும் ஒவ்வொரு வீரரும் அடுத்துப் போகும் ஊரைத் தாளின் பின்னால் எழுத வேண்டும். பவித்ரன் சீகிரியா என்று எழுதினான். இவள் எழுதியிருப்பதை நீங்களே பாருங்கள். தாளின் கொப்பியை இதோடு வைத்திருக்கிறேன், அவளிடம் கேட்டுத்தான் எடுத்தேன். வாப்பாவுக்கு அனுப்பவா என்றேன். தலையை ஆட்டினாள்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும், பொறுமையைக் கொஞ்சம் கூடுதலாகவே தரட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, அறையை விட்டு வெளியே வந்து எங்களுக்கு ஃபோன் எடுங்கள். நிஹ்லாவைக் கேட்க வேண்டாம். சிக்குமூடியார் டோஹாவுக்கு வந்து சேர்ந்துவிட்டாரா என்று கேளுங்கள். பிறகு ஒன்றும் சொல்லாதீர்கள். கடையில் மத்தியானப் பசியோடு அந்த மூடியை எத்தனை நாள் தட்டித் தட்டிப் பொறுத்திருந்திருக்கிறீர்கள், ஒரு நாளும் அதைக் கோபித்ததில்லையே. அதே போல இருங்கள். உள்ளே இருப்பது இன்னும் ஆறவில்லை.

வஸ்ஸலாம்.

உங்கள்
ஹமீமா