தப்புக் காய்ச்ச நெருப்பு

நமுனுகுல
12.3.1978

அன்பு மகன் பெரியண்ணனுக்கு,

கதிர்காமக் கந்தன் துணையால் நாங்கள் மூவரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று உன் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நேற்று மாலை நம் லயத்துக் காம்பராவில் கூடி ஒரு தீர்மானம் எடுத்தோம். சட்டி அடுக்கும் பலகையில் இனி உன் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை விரிப்பதில்லை. உன் அம்மா பிரேரித்தாள், நான் ஆமோதித்தேன், எதிர்ப்பில்லை. பழைய தாள் அகற்றப்பட்டு, பலகை இப்போது வெறுமனே இருக்கிறது.

காரணம் உனக்குத் தெரியும். தங்கச்சி ஜெயலெட்சுமியின் முதல் இசைத்தட்டைப் பற்றி மூன்று பத்திரிகைகள் எழுதின. ஒருவர் அட்டையில் உள்ள தேயிலை மலையை மட்டும் பாராட்டினார், தட்டை உறையிலிருந்து எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இன்னொருவர் இத்தனை பாட்டில் ஒரு மிருதங்கம்கூட இல்லையே என்று வருந்தினார். அவர்கள் பேரில் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு நம்மைத் தெரியாது. மூன்றாவதை எழுதியவர் ‘நடுநிலையான்’. அந்தப் புனைபெயர் யாருடையது என்று போன தீபாவளிக்கு வந்தபோது நீதான் எங்களிடம் பெருமையாகச் சொன்னாய். தப்பு மேளம் ஈரச் சாக்கை அடிப்பதுபோல் ஒலிக்கிறது, பாடகி அதன் பின்னால் தள்ளாடுகிறார், தோட்டத்துப் பாட்டு தோட்டத்தோடு நிற்பதே நல்லது என்று எழுதியிருக்கிறாய். நல்ல நடை. உன்னைப் படிக்க வைத்தது வீண்போகவில்லை. இடம் போதாமல் ஒன்றை மட்டும் விட்டுவிட்டாய் போலிருக்கிறது. ஒலிப்பதிவன்று கொழும்பில் மழை. அழகர் மாமா தப்பைக் காய்ச்சுவதற்காக ஸ்டூடியோவின் பின்வாசலில் வைக்கோல் கொளுத்தினார். தோலுக்கு அனல் காட்டாமல் அடித்தால் சத்தம் எழும்பாது என்பது உனக்குப் புதிதல்ல, திருவிழாவுக்குத் திருவிழா அந்தத் தீயைச் சுற்றியே நின்று வளர்ந்தவன் நீ. அன்று எங்களோடு ஸ்டூடியோவுக்கு வந்திருந்து அதைச் சப்பாத்துக் காலால் மிதித்து அணைத்தவனும் நீ. "மாமா, இது கொழும்பு, லயத்து வாசல் இல்ல, மானத்த வாங்காதீங்க" என்றாய். "காய்ச்சாம அடிச்சா செத்த மாடு மாதிரி கெடக்கும்டா" என்று அவர் கெஞ்சினார். பிறகு தப்பைக் கம்பளியால் போர்த்தி வயிற்றோடு அணைத்துக்கொண்டு குந்தியிருந்தார். தொய்ந்துபோன அந்த அடிக்குத் தங்கச்சி தன் குரலை இறக்கிப் பாடினாள். நெருப்பை அணைத்தவனுக்கு நடுநிலையான் என்று பெயர்.

சந்திக் கடை மஹ்ரூப் நானா காலையிலிருந்து கடை மூடும்வரை அந்தத் தட்டையே போட்டுக்கொண்டிருக்கிறார். உன் விமர்சனத்தை வாசித்துவிட்டு, "இதெ எழுதினவன்ட வாப்பா உசிரோட இரிக்காரா?" என்று என்னைக் கேட்டார். இருக்கார் என்றேன். "அவருக்கு இதெக் காட்டோணும்" என்றார். சீனியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உன் தங்கச்சியோ அழவில்லை, திட்டவுமில்லை. "அண்ணே படிச்சவரு, சரியாத்தான் எழுதியிருப்பாரு" என்கிறாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இரண்டாவது தட்டு போடுவதா வேண்டாமா என்று கம்பெனிக்காரர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதே பக்கத்தில், அதே பெயரில், அன்று நெருப்பை அணைத்தது யார் என்று எழுது. கடைச் சாப்பாட்டில் உறைப்பைக் குறைத்துக்கொள், உன் வயிறு சின்ன வயதிலிருந்தே அதைத் தாங்காது. அம்மா உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், அவள் கோபம் அவ்வளவுதான் நீடிக்கும். என்னுடையது அப்படியல்ல.

நீ நோய்நொடியில்லாமல் நல்லபடி இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். இன்று கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் கும்பிட்டேன். எழுதச் சொன்னதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
வீரய்யா

பி.கு. (15.3.1978): இதைத் தபாலில் போடுமுன் நேற்று கம்பெனியின் கடிதம் வந்தது. உன் விமர்சனத்தை வெட்டி இணைத்து, இரண்டாவது தட்டு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். தங்கச்சி இன்று காலை பெரட்டுக் களத்தில் தோட்ட வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு, அம்மாவின் கூடையோடு கொழுந்து பறிக்கப் போனாள்.