மூட்டையின் அடியில் ஒன்றரைக் கிலோ

1 ஆகஸ்ட் 1974, வியாழன்

காலையிலிருந்து மழை. செருப்பு வார் அறுந்துபோய், கையில் பிடித்துக்கொண்டே சாலைக் கம்போளத்தில், அந்தச் சந்தை நெரிசலில், ஒரு மொத்த வியாபாரியின் கிட்டங்கிக்குள் நுழைந்தேன். எண்பத்தாறு மூட்டை துவரம்பருப்பு. வாசல் பலகையில் இருப்பு நான்கு மூட்டை என்று எழுதி வைத்திருக்கிறான் கிட்டங்கிக்காரன். ஓணத்துக்கு விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறான், பாவி. சப்ளை இன்ஸ்பெக்டராகப் பதினோரு வருஷம் அலைந்ததற்கு இன்று ஒரு நாளாவது அர்த்தம் இருந்தது. இருப்பை எழுதிப் போட வேண்டும், இருப்பதைக் கேட்டவருக்கு விற்க வேண்டும் — இந்த இரண்டு விதியும் இல்லாவிட்டால் ஊர் என்ன ஆகும்?

2 ஆகஸ்ட், வெள்ளி

சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. "பிடிச்ச மூட்டையில ஒண்ண ஆத்துக்கு அனுப்பச் சொல்லுங்கோ" என்கிறாள் லலிதாம்பாள். இவளைக் கட்டிக்கொண்டு நான் நேர்மையாக இருப்பதே பெரிது.

5 ஆகஸ்ட், திங்கள்

ஆரியசாலையில் ஒரு பின்சந்து. கோமதிநாயகம் என்பவரின் சின்னப் பலசரக்குக் கடை. கட்டட வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான் வாங்குகிறார்கள். ரேஷன் கார்டு ஊரில், ஆள் இங்கே. அதனால் நூறு கிராம், இருநூறு கிராம் என்று இவரை விட்டால் வழியில்லை. நான் நிற்கும்போதே முத்தாரம்மாள் என்ற சித்தாள் வந்து துவரம்பருப்பு கேட்டாள். "தீந்துட்டு தாயி, நாளைக்கு வா" என்றார். பலகையிலும் 'தீர்ந்தது'. ஆனால் வாய் மடித்த மூட்டை ஒன்று மூலையில் இருந்தது. கையை விட்டேன். அடியில் பருப்பு. நிறுத்தால் ஒன்றரைக் கிலோ.

இது என்ன என்று கேட்டேன்.

"அது அடிப்பருப்பு சாமி. மூட்டைய வழிச்சுத் துடைச்சா கடை வெளங்காதுல்லா? புதுச் சரக்கு வந்து அது மேல விழணும். எங்கப்பா காலத்துலயே அப்படித்தான்."

முத்தாரம்மாளும் சேர்ந்துகொண்டாள். "அத நாங்க ஆரும் கேக்க மாட்டோம் சாமி."

பலகையில் பொய், சரக்கை வைத்துக்கொண்டு விற்க மறுத்தது. இரண்டு குற்றம். எழுதினேன். அவரும் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் போனால் கடை போகும். எனக்குத் தெரியாதா?

6 ஆகஸ்ட், செவ்வாய்

லலிதாம்பாளிடம் சொல்லியிருக்கக் கூடாது. "நம்மாத்து அரிசிப் பானையிலயும் ஒரு பிடி விட்டுத்தானே வெக்கறேன்? அதையும் எழுதிண்டு போங்கோ" என்றாள். ஆத்துக்கு லைசென்ஸ் கிடையாது என்றேன். அதிலிருந்து என்னோடு பேச்சே இல்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

கோமதிநாயகத்துக்கு எச்சரிக்கை போதும் என்று குறிப்பு எழுதி மேலதிகாரி ராஜையன் சாரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"எடோ சாம்பசிவா, அந்த எம்பத்தாறு மூட்டைக்காரன் வக்கீல் காலையிலேயே வந்நு. கொஞ்சம் சரக்கு எப்பவும் கையில வெக்கறது கடை ஆசாரமாம். இவனை விட்டா அவனை எப்பிடிப் பிடிக்கிறது? சட்டத்தில இத்தனை கிலோ வரை குற்றமில்லைன்னு உண்டோ?"

இல்லை என்றேன்.

"பின்னே?"

பின்னே என்ன, குறிப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் சொல்வதில் தப்பில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

10 ஆகஸ்ட், சனி

சின்னக் கடைகளுக்கு, ஒரு சரக்குக்கு இரண்டு கிலோ வரை கணக்கில் சேர்க்க வேண்டாம் — இப்படி மேலே எழுதினால் என்ன? நான்கு தடவை கிழித்துப்போட்டு, ஐந்தாவது தடவை எழுதியதை அனுப்பிவிட்டேன். யாரோ பெரிய மனுஷன் சட்டத்தைத் திருத்தக் கிளம்பிவிட்டானாம் என்று ஆபீஸில் கேலி.

14 ஆகஸ்ட், புதன்

பதில் இல்லை.

20 ஆகஸ்ட், செவ்வாய்

கோமதிநாயகத்துக்கு ஒரு மாதம் லைசென்ஸ் நிறுத்தம். கிட்டங்கிக்காரன் கோர்ட்டில் ஸ்டே வாங்கிவிட்டான், வியாபாரம் ஜோராக நடக்கிறது. ஒன்றரைக் கிலோவுக்கு எந்த வக்கீல் வருவார்?

சே, என்ன பிழைப்பு இது. அந்த மூட்டையைப் பார்க்காத மாதிரி வந்திருக்கலாமே? வந்திருந்தால் அடுத்த கிட்டங்கிக்குள் எந்த முகத்தோடு நுழைவேன்? இரண்டு பக்கமும் நானே வாதாடிக்கொண்டு கரமனையில் வீடு வரை நடந்தே வந்துவிட்டேன். பஸ் ஞாபகமே வரவில்லை.

11 செப்டம்பர், புதன்

வந்துவிட்டது சுற்றறிக்கை. சின்னக் கடைக்கு இரண்டு கிலோ வரை தளர்வு. ஏறக்குறைய என் வாக்கியமே. ராஜையன் சார் தோளில் தட்டி, "கொள்ளாமடோ" என்று பாராட்டினார். ஒரு மாதம் கழித்து இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். லலிதாம்பாள் பாயசம் வைத்தாள்.

20 செப்டம்பர், வெள்ளி

ஒரு மாதம் முடிந்தது, கோமதிநாயகத்தின் லைசென்ஸையும் சுற்றறிக்கையையும் நானே எடுத்துக்கொண்டு போனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. கடையில் மூட்டை ஒன்றுகூட இல்லை. பழக்குலை, பீடி, சோப்பு, அவ்வளவுதான். சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்லதுதான் சாமி. லைசென்ஸ நீங்களே வச்சுக்கிடுங்க. வாழப்பழத்துக்குப் பலகை எழுத வேண்டாம்லா."

இனி அடிப்பருப்பு இருந்தால் குற்றமில்லை, நானே எழுதி வாங்கிய விதி என்றேன். பெருமையாகவே சொன்னேன், வெட்கக்கேடு.

"நீங்க சொல்லுதிய. நாளைக்கு வேற சார் வருவாருல்லா?"

சந்து முனையில் முத்தாரம்மாள் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். பருப்பு எங்கே வாங்குகிறாய் என்று கேட்டேன்.

"கம்போளத்துல, பெரிய கிட்டங்கிக்காரரு கடையிலதான். அரைக் கிலோவுக்குக் கொறஞ்சு நிறுக்க மாட்டாங்க சாமி. மூணு பேரு சேந்து வாங்கிப் பங்கு வைக்கோம்."

அதே எண்பத்தாறு மூட்டைக்காரன். அவளுக்கு என்மேல் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஆபீஸுக்குத் திரும்பி வாரப் படிவம் நிரப்பினேன். ஆரியசாலை பின்சந்து. பருப்பு விற்கும் கடைகள்: இல்லை. விதிமீறல்: இல்லை.