சம்பந்தியின் ஓட்டை ரூபாய்

என் பிரியத்துக்குரிய சூசை சம்பந்திக்கு,

மேலே சௌக்கியம்தானே? இங்கே மரைன் ஹில்லில் மழை விட்டபாடில்லை. உங்கள் முதலாண்டுப் பூசை நல்லபடியாக முடிந்தது. அதாவது, என்னைத் தவிர எல்லாரும் நல்லபடியாக நடந்துகொண்டார்கள்.

எல்லாம் உங்கள் ஓட்டை ரூபாயால் வந்தது. நம் நாணய டப்பாவில் அதுதானே ராஜா! கைதிகள் காலத்தில் இந்த அந்தமான் தீவுக்குள் மட்டும் செல்லும்படி, நடுவே ஓட்டையோடு அடித்த செம்புக்காசு. எவனோ அதை வீசுவலையில் ஈயக்குண்டுக்குப் பதிலாகக் கட்டி வைத்திருக்க, அந்தப் பழைய வலையோடு அது உங்களிடம் வந்தது. நானோ ஜப்பான்காரன் விட்டுப்போன நோட்டுகளைக் கத்தை கத்தையாகச் சேர்த்துவிட்டுப் பெரிய ஆள் மாதிரித் திரிந்தவன்.

கண் மூடுமுன் டப்பாவை என்னிடம் கொடுத்து, "பேத்தி வளந்ததும் குடுங்க சம்பந்தி. அதுவரைக்கும் யாரையும் கழுவ விட்டுராதிய, அந்தக் கறுப்புதான் அதுக்கு மதிப்பு" என்றீர்களே.

பூசைக்கு உங்கள் படத்தின் முன் வைக்க வேண்டும் என்று என் மகள் ஸ்டெல்லா டப்பாவை வாங்கிப்போனாள். டப்பா திரும்பி வந்ததும் திறந்தேன். கறுத்துக் கிடந்த ரூபாய் புதுச் செம்பு மாதிரி மின்னியது!

எனக்கு உடனே உங்கள் மகன் ராயப்பன் முகம்தான் வந்தது. போன தடவை கப்பலில் வந்தபோது அவர்தானே சொன்னார்: "மெட்ராஸ்ல சாதாக் காசுல துளை போட்டு, இதுதான் அந்தமான் ரூபாய்னு விக்கிறானுவ மாமா." அப்போது சிரித்தேன். இப்போது, அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார் என்பதற்கு அந்தச் சிரிப்பே சாட்சியாக வந்து நின்றது. அன்றைக்குத்தான் அவர் மறுபடி கப்பல் வேலைக்குக் கிளம்பும் நாள்.

ஜெட்டிக்கு ஓடினேன். அவர் கூட வேலை பார்ப்பவர்கள் நடுவில், "பெட்டியைத் திறங்க மாப்ளே" என்றேன். எட்டாம் கிளாஸ் படித்த நான் அங்கே கஸ்டம்ஸ் ஆபீசர்! லுங்கியை உதறினேன், சோப்பு டப்பாவைக்கூட முகர்ந்தேன். கிடைத்தது என் மனைவி கொடுத்த எலுமிச்சை ஊறுகாய்.

"தலாஷி முடிஞ்சுதா மாமா? சட்டையையும் கழட்டட்டா?" என்று சோதனை போட்ட என்னை மாப்பிள்ளை கேட்டார்.

அதற்குள் ஸ்டெல்லா மூச்சிரைக்க வந்தாள். "அப்பா, புளி போட்டுத் தேய்ச்சது நான்தான். மாமா படத்துக்கு முன்னால அழுக்காவா வைப்பேன்?"

அதையும் நம்பவில்லை, சம்பந்தி. புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்புறம்தான் கையோடு கொண்டுபோயிருந்த ரூபாயை எடுத்து, ஓட்டையின் விளிம்பை நகத்தால் தடவினேன். வலைக்கயிறு தேய்த்த பள்ளம் அங்கேயே இருந்தது. என் விரலைப் பிடித்து நீங்கள் தொட்டுக் காட்டிய அதே பள்ளம். கோபத்தில் அது ஏன் முதலில் நினைவுக்கு வரவில்லை?

நிமிர்ந்து பார்த்தபோது மாப்பிள்ளை ஏணியில் பாதி ஏறியிருந்தார். "வாரேன் மாமா" என்று சொல்லவில்லை. இனி மாமா வீட்டுப் படி ஏறமாட்டேன் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லியிருக்கிறாராம். நீங்கள் இருந்தால் யாரை முதலில் திட்டியிருப்பீர்கள்?

ரூபாயைக் கடல் பார்த்த ஜன்னலில் வைத்திருக்கிறேன். உப்புக்காற்றில் மெல்லக் கறுக்கும்; துணி படாது, புளி படாது. அடுத்த கப்பலுக்கு ஜெட்டியில் முதல் ஆளாக நிற்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் பெட்டியை நானே தூக்கி வருவேன். சத்தியமாகத் திறக்கமாட்டேன். கனம் மட்டும் பார்ப்பேன். அந்த ஒன்றைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனுக்குப் பெண்ணைக் கொடுத்தும் புத்தி வராத
சம்பந்தி அந்தோணி